மலை காத்த கைகளும் மாலை சூடிய தோள்களும்

ஊருக்கு நன்மை செய்தவரை ஊர் கூடிப் போற்றுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்த இனம் நம் இனம். ஏரி வெட்டியவன் பெயரை ஏரிக்கே இட்டு வழங்கிய இனமும் அதுவே. ஏரியின் வண்டலை அகற்றிக் கரையைப் பேணுவதற்கென்று நிலத்தை ஒதுக்கி, அதற்கு ‘ஏரிப்பட்டி’ என்று பெயரிட்டு, அந்த அறத்தைக் கல்லிலும் வெட்டிவைத்தனர் நம் முன்னோர். செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார்.

அவ்வழக்கம் இன்று புதிய உருவம் கொண்டுள்ளது. மரம் நட்டோர்க்கும், குப்பையைப் பிரித்து மறுபயனீட்டுக்கு அனுப்பியோர்க்கும், ஆற்றைத் தூய்மை செய்தோர்க்கும் ஊராட்சி மன்றங்களும் அரசுகளும் விருது வழங்குகின்றன. நற்சான்றிதழும் கேடயமும் ஒருபுறம். வரிக்கழிவும் பரிசுத் தொகையும் மறுபுறம். இவை வரவேற்கத் தக்கவையே. ஆயினும், விருது என்பது வெறும் பாராட்டு மட்டுமன்று. அஃது ஒரு பதிவேடும் ஆகும். இன்னார் இம்மண்ணுக்கு இன்னது செய்தார் என்று வருங்காலத்திற்கு எழுதிவைக்கும் ஏடு அது. அந்த ஏட்டில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் ஏற வழியில்லாமற் போகிறது என்று ஆராய்வது வரலாற்று மாணவனின் கடமையாகும்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக மலைச்சரிவின் மண்ணைப் பிடித்து வைத்த தமிழ் மக்களை எண்ணிப் பார்க்கும்போது இக்கேள்வி கூர்மை பெறுகின்றது. அவர்கள் பெயர் அந்த ஏட்டில் ஏறுவதற்கு ஏன் வாயில் இல்லாமற் போயிற்று? அதற்கான விடை எவருடைய தனிப்பட்ட வெறுப்பிலும் இல்லை. தோட்டமும் ஊராட்சியும் வளர்ந்த வரலாற்றிலேயே அது புதைந்து கிடக்கின்றது.

உத்தரமேரூர் உரைக்கும் உண்மை

கேமரன் மலைக்குச் செல்லுமுன் நம் பழைய ஊராட்சி ஒன்றை ஒருமுறை நோக்குவது நலம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையிற் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்களை அமைத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. ஆண்டு வாரியத்திற்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர். ஏரி வாரியத்திற்கு அறுவர். நீரையும் மரத்தையும் காப்பது ஊராட்சியின் தலையாய கடமை என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிலைநாட்டிய பெருமை அக்கல்வெட்டுகளுக்கு உண்டு. மேடைதோறும் நாம் பெருமிதத்தோடு எடுத்துரைப்பதும் இதனையே.

ஆனால் அதே கல்வெட்டு கூறும் தகுதிகளை நாம் அத்துணை உரக்கப் பேசுவதில்லை. குடவோலையில் ஒருவன் பெயர் எழுதப்பட வேண்டுமானால், அவனுக்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் இருத்தல் வேண்டும். தனக்குரிய மனையில் தான் எடுப்பித்த வீட்டில் அவன் குடியிருத்தல் வேண்டும். கல்வியும் வயதும் வரையறைக்குள் அமைதல் வேண்டும். ஏரியில் இறங்கிச் சேற்றைக் கூடையில் அள்ளிக் கரையேற்றிய உழைப்பாளிக்குச் சொந்த மனை ஏது? இறை செலுத்தும் நிலம் ஏது? ஆகவே ஏரி காத்த கை ஒன்றாகவும், ஏரி வாரியத்தில் அமர்ந்த பெயர் மற்றொன்றாகவும் இருந்தன. நிலமும் வீடும் உடையவனே ஊரின் மனிதன் என்னும் இவ்விதியை மனத்திற் கொண்டு இனிக் கேமரன் மலைக்கு ஏறுவோம்.

மலை திறந்த கதை

1885ஆம் ஆண்டில் அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியைக் கண்டு குறிப்பெழுதினார். மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. ஆயினும் செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் அவருக்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அக்காட்டில் வாழ்ந்து வந்தனர் என்பதை மறத்தலாகாது. கேமரனின் குறிப்பு நாற்பது ஆண்டுகள் உறங்கிற்று. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேற்கொண்ட பயணத்திற்குப் பின்னரே அரசாங்கம் இம்மலையைத் திறக்க முனைந்தது. தானா ராத்தாவில் வேளாண் ஆய்வுத் தோட்டம் ஒன்று அமைந்தது. தாப்பாவிலிருந்து மலைக்குச் செல்லும் பாதை 1930களின் தொடக்கத்தில் முழுமை பெற்றது.

1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்னும் ஆங்கிலேயர், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்னுடன் இணைந்து நிலம் பெற்றுப் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் வட இந்தியக் குடும்பம் ஒன்றின் முயற்சியால் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. உலகெங்கும் பொருளாதார மந்தம் வாட்டிய காலம் அது. ரப்பர் விலை வீழ்ந்து, தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்ட அதே ஆண்டுகளில், இங்கே குளிரும் மழையும் சூழ்ந்த மலையில் மற்றொரு தொகுதித் தமிழர் காடழித்துக் கன்று நட்டுக்கொண்டிருந்தனர். 1938இல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் மலாயாவுக்கு உதவியுடன் குடியேறுவதைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத்தின் வளர்ச்சி பெரும்பாலும் இங்கேயே நிலைத்துவிட்ட குடும்பங்களின் உழைப்பைச் சார்ந்ததாயிற்று. லயத்திற் பிறந்து, அதே லயத்திலிருந்து கொழுந்துக் கூடை சுமந்து, அதே மலையில் முதுமை எய்தியோர் அவர்கள்.

மண்ணைப் பிடித்த தொழில்

தேயிலைத் தோட்டம் என்றவுடன் கொழுந்து பறிக்கும் காட்சியே நம் கண்முன் தோன்றுகிறது. நாட்காட்டிகளும் சுற்றுலா விளம்பரங்களும் அதனையே காட்டுகின்றன. ஆயின் கொழுந்து பறித்தல் அத்தொழிலின் ஒரு பாதியே. மறுபாதி மண் காக்கும் தொழில்.

கேமரன் மலையின் சரிவு செங்குத்தானது. மழை ஆண்டு முழுதும் ஓயாதது. காட்டின் மேற்போர்வை அகன்றபின் அச்சரிவில் மண்ணை நிறுத்துவது எளிய செயலன்று. ஆகவே மலையின் வளைவை ஒட்டிக் குறுக்குவரிசையாகக் கன்று நட்டனர். ஓடும் நீர் விசை கொள்ளாதிருக்கச் சரிவின் குறுக்கே கான் வெட்டினர். கானின் இடையிடையே குழி தோண்டி, நீரோடு வரும் மண் அங்கே படியச் செய்தனர். மழைக்குப் பின் அக்குழிகளில் தங்கிய மண்ணை வாரி மீண்டும் செடியடியிற் சேர்த்தனர். சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளையையும் இலையையும் அகற்றாமல் நிலத்திலேயே பரப்பினர். அது மழைத்துளியின் அடியைத் தாங்கும் போர்வையாயிற்று. செடிகள் நெருங்கி ஒன்றோடொன்று கைகோத்துப் பச்சைக் கம்பளம் விரித்தபின், வெற்று மண் வானத்தைக் காணும் வாய்ப்பே குறைந்தது.

இவற்றை வரைந்து கொடுத்தவர் துரையாக இருக்கலாம். மேற்பார்த்தவர் கங்காணியாக இருக்கலாம். ஆயினும் கான் எங்கே அடைத்தது, எந்தச் சரிவு கசிகிறது, எந்த ஓடை கலங்கி வருகிறது என்று நாள்தோறும் கண்டவர்கள் தொழிலாளர்களே. பள்ளிக்கூடம் கற்பிக்காத மண்ணியல் அறிவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாகத் திரண்டது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. தேயிலை தானும் காட்டை அழித்தே வந்தது. நீர்மின் திட்டத்தை முன்னிட்டு மத்திய மின்வாரியம் இம்மலையின் ஆறுகளை அளந்து 1956இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. காட்டு நிலத்திலிருந்து ஆற்றுக்கு வரும் வண்டலைவிடத் தேயிலை நிலத்திலிருந்து வருவது பன்மடங்கு மிகுதி என்றும், காய்கறி நிலத்திலிருந்து வருவது தேயிலையினும் மிகுதி என்றும் அது கண்டது. எனவே காட்டுக்கு நிகர் காடே. தேயிலை நட்டமைக்காக எவருக்கும் மாலை சூட்ட வேண்டுவதில்லை. காடு போனபின் எஞ்சிய மண்ணைப் போகவிடாமற் காத்த அன்றாட உழைப்பே போற்றத் தக்கது. அவ்வுழைப்பு ஓரிரு ஆண்டு நின்றாலும் கான் தூர்ந்து, கரை சரிந்து, மலையே கீழிறங்கிவிடும்.

ஒரே மலை, இரண்டு ஆட்சிகள்

இனி, இம்மக்கள் ஊராட்சியின் கண்ணில் எவ்வாறு தோன்றினர் என்பதைக் காண்போம். உண்மையில் அவர்கள் தோன்றவேயில்லை என்பதே பொருந்தும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்டத் தொழிலாளர்க்கு வீடு, குடிநீர், துப்புரவு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றை வழங்கும் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைத்தது. அக்காலத்தில் அது தொழிலாளர்க்குக் கிடைத்த பாதுகாப்பே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். குழாயில் நீர் வராவிடினும் கானில் சாக்கடை தேங்கினும் தோட்டத்து மனிதன் போய் நிற்க வேண்டிய இடம் ஆபீசு வாசலே. ஊராட்சி அலுவலகம் அன்று. தோட்டம் தனியார் நிலம். அதன் எல்லைக் கம்பிவேலியோடு ஊர் முடிந்துவிட்டது.

அவசரகாலம் வந்தது. நாடெங்கும் புதுக்கிராமங்கள் எழுந்தன. கேமரன் மலையிலும் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்கு, திரிங்காப், கோலத்தெர்லா முதலிய இடங்களில் அவை உருவாயின. அத்தகைய ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றங்களை அமைப்பதற்கு 1952ஆம் ஆண்டு உள்ளூர் மன்றங்கள் சட்டம் வழிவகுத்தது. முள்வேலிக்குள் அடைக்கப்பட்டோர்க்கும் தம் தெருவைப் பற்றிப் பேச ஒரு மன்றம் என்னும் எண்ணம் முளைத்தது. லயத்துக்கு அத்தகைய மன்றம் ஒன்றையும் எவரும் எண்ணினாரில்லை.

பின்னர் நகரத்தாரும் அவ்வுரிமையை இழந்தனர். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் செயல்முறையை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் அவர்கள். இந்நாட்டு ஊராட்சி வரலாற்றின் மிக முக்கியமான ஆவணம் ஒரு தமிழரின் தலைமையில் உருவாயிற்று என்பது நாம் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி. 1968இல் நிறைவுற்ற அவ்வறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைபெறச் செய்தது. கேமரன் மலை மாவட்ட மன்றமும் அச்சட்டத்தின் வழியே இயங்குவதாகும்.

இதே காலத்தில் மற்றோர் இடியும் விழுந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்று விதித்தது. இந்நாட்டுத் தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. எஞ்சியவர்க்கும் குடியிருந்த வீடு சொந்தமன்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஊதியத்திற்காகப் போராடியது. வீட்டுடைமை பற்றிய கோரிக்கையும் பல பத்தாண்டுகளாக ஒலித்தது. ஆயினும் லயத்தில் வாழ்பவன் மதிப்பீட்டு வரி செலுத்தும் வீட்டுக்காரன் ஆகவில்லை. உத்தரமேரூர் கல்வெட்டின் ‘தன் மனை’ என்னும் விதி ஆயிரம் ஆண்டு கடந்து வேற்று நாட்டு மலையில் வேறு உருவத்தில் நின்றது என்றால் அது மிகையாகாது.

விருதுகள் பிறந்த வழி

சுற்றுச்சூழலுக்கென்று விருது வழங்கும் வழக்கம் இந்நாட்டில் எவ்வாறு பிறந்தது? 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1989 அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்கள் கூடி லங்காவித் தீவில் சுற்றுச்சூழல் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். அதன் நினைவாக அக்டோபர் 21ஆம் நாள் தேசியச் சுற்றுச்சூழல் நாளாயிற்று. லங்காவி விருது என்னும் உயரிய விருதும் தோன்றியது. 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாடு, ஒவ்வோர் ஊராட்சியும் தன் மக்களோடு கலந்து பேசித் தன் ஊருக்கான செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று கூறிற்று. அந்த ‘உள்ளூர் அஜெண்டா 21’ திட்டத்தை மலேசியா 2000ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி, கிரியான் ஆகிய நான்கு ஊராட்சிகளில் முதன்முதலிற் சோதித்துப் பார்த்தது. பள்ளிகளுக்கான நிலைபேற்று விருதும் 2000களின் நடுவில் தொடங்கியது.

ஊராட்சியே மக்களைப் போற்றும் முறைக்குப் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் 2011இல் தொடங்கிய திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. மழைநீரைச் சேமித்தல், சமையற் கழிவை உரமாக்குதல், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுதல் போன்றவற்றைச் செய்யும் வீட்டுக்காரர்க்கு மதிப்பீட்டு வரியிற் கழிவு வழங்கும் திட்டம் அது. நகரத்திற்கு அது பொருத்தமான திட்டமே. ஆயின் வரிக்கழிவு பெற வேண்டுமானால் முதலில் வரி செலுத்த வேண்டும். வரி செலுத்த வேண்டுமானால் சொந்த வீடு வேண்டும். அதே நற்செயலைத் தோட்டத்து லயத்தில் ஒரு தாய் செய்தால், அவளுக்குக் கழித்துக் கொடுக்க வரியும் இல்லை. எழுதிவைக்கப் பெயரும் இல்லை.

தாய்த் தமிழகத்தையும் ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. நெகிழிப் பையை ஒழிக்க முன்னின்ற பள்ளி, கல்லூரி, வணிக வளாகங்களுக்குப் பத்து, ஐந்து, மூன்று இலட்ச ரூபாய் எனப் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. சுற்றுச்சூழலுக்குத் தொண்டு செய்யும் தனியாருக்கும் அமைப்புகளுக்கும் தலா ஓர் இலட்ச ரூபாயுடன் ‘பசுமை முதன்மையாளர் விருது’ வழங்கும் திட்டமும் அங்கு உண்டு. தனியொருவரின் பெயரும் ஏறக்கூடிய வழி அதில் திறந்திருப்பது நல்லதே. எனினும் அங்கும் விண்ணப்பம் எழுதவும், சான்று திரட்டவும், படம் எடுத்து இணைக்கவும் தெரிந்தவர்க்கே வாயில் அகலமாகத் திறக்கும். விருதுகளின் இயல்பு அது. கண்ணுக்குத் தெரியும் புதிய செயலை அவை எளிதிற் காண்கின்றன. மண் சரியாமல் இருந்தது, ஓடை கலங்காமல் ஓடியது என்னும் நடவாத தீங்குகளை அவை காண்பதில்லை.

அமைப்பு ஒன்று குரல் கொடுத்தால் நிலைமை மாறும் என்பதற்கும் சான்று உண்டு. இராமநாதபுரம் வட்டாரத்திற் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்கள் தலைமையேற்ற மலேசிய இயற்கை நண்பர் இயக்கமான ‘சஹாபாட் ஆலாம் மலேசியா’, சரவாக் காடுகளைக் காக்கும் போராட்டத்திற்காக 1988இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதினைப் பெற்றது. பெனான் முதலிய காட்டு மக்களின் போராட்டத்தோடு தோளிணைந்து நின்றமையால் அவர்கள் துயரை உலகம் அறிந்தது. கேமரன் மலையிலும் உள்ளூர் மக்கள் 2001இல் ‘ரீச்’ என்னும் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு அமைப்பை நிறுவிக் காடு மீட்பு, மறுபயனீடு முதலிய பணிகளில் ஈடுபட்டு வருகின்றனர். அது நம்பிக்கை தரும் செய்தி.

சேறு உரைத்த செய்தி

மண் காத்தல் என்பது ஏட்டுப் பேச்சன்று. உயிர் காத்தல் என்பதை இம்மலை பலமுறை உணர்த்தியுள்ளது. 1961 மே 11ஆம் நாள் ரிங்லெட்டில் நிகழ்ந்த நிலச்சரிவு பதினாறு உயிர்களைக் கொண்டது. 1960களில் எழுந்த நீர்மின் திட்டம் தெலோம் ஆற்றின் நீரைச் சுரங்கவழியே திருப்பிப் பெர்த்தாம் ஆற்றோடு சேர்த்து, சுல்தான் அபு பாக்கார் அணையில் தேக்கி, அங்கிருந்து பேராக் பக்கம் இறக்கி மின்சாரமாக்கிற்று. மலையின் மண்ணெல்லாம் வந்து சேரும் இடமாகவும் அந்த ரிங்லெட் நீர்த்தேக்கமே ஆயிற்று.

காய்கறியும் பூவும் தேயிலையைவிட விரைவிற் பணம் தந்தன. நிலமோ பல இடங்களில் ஆண்டுதோறும் டிசம்பரோடு காலாவதியாகும் தற்காலிக உரிமத்தின்பேரில் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமோ என்று அறியாத நிலத்தில் எவன்தான் கான் வெட்டிக் கரை கட்டுவான்? உரிமமே இல்லாமல் வெட்டப்பட்ட சரிவுகளும் பெருகின. 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் மலைநிலத்தைக் காக்க வழி வகுத்திருந்தும், சட்டம் ஏட்டில் நின்றது. மண் ஆற்றில் இறங்கியது. இதில் ஓரினத்தைக் குறைகூறுவது அறமன்று. காய்கறி பயிரிட்டோருள் எல்லா இனத்தாரும் உண்டு, நம்மவரும் உண்டு. குறை நிலம் வழங்கிய முறையிலும் கண்காணிப்பிலும் இருந்தது.

2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், நிரம்பிய அணையிலிருந்து நீர் திறக்கப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்கள் பறிபோயின. 2014 நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளமும் நிலச்சரிவும் உயிர் கொண்டன. அவ்வாண்டுகளில் கேமரன் மலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜி. பழனிவேல் அவர்களே நாட்டின் இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சராகவும் இருந்தார். நிலமோ அரசியலமைப்பின்படி மாநில அரசின் அதிகாரம். அமைச்சு ஒரு கையில், நிலம் மற்றொரு கையில், ஊராட்சி மூன்றாம் கையில் என்று பொறுப்புப் பிரிந்து கிடந்ததை அச்சேறு அம்பலப்படுத்திற்று.

மண்ணைப் பிடித்து வைப்போரின் மதிப்பு, மண் வந்து வாசலில் நின்றபோதே புரிந்தது. தூர்ந்த நீர்த்தேக்கத்தை வாரப் பெரும்பொருள் செலவிடப்படுகிறது. அந்த மண் மலையிலேயே தங்கும்படி கானில் குனிந்து நின்ற தொழிலாளியின் கூலியோ நாட்கூலியாகவே கழிந்தது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

‘கூலி பெற்றுச் செய்த வேலைக்கு விருது எதற்கு?’ என்று சிலர் வினவலாம். சம்பளம் பெறும் அதிகாரிக்குச் சிறந்த சேவை விருது உண்டு. இலாபம் ஈட்டும் நிறுவனத்துக்குப் பசுமை விருது உண்டு. அங்கெல்லாம் எழாத கேள்வி, கூடை சுமந்தவளிடம் வரும்போது மட்டும் எழுவது ஏன்? தவிர, தோட்டத்துக்கு விருது கிடைத்தால் அச்சான்றிதழ் ஆபீசுச் சுவரில் தொங்கும். கான் வெட்டியவன் அதன்கீழ் நின்று சம்பளம் வாங்கிச் செல்வான். பெயரில்லாத் தொண்டு உயர்ந்தது என்று சொல்லி அமைதி கொள்வதும் நேர்மையன்று. பெயரை மறைத்துக்கொண்டவன் தொண்டன். பெயர் மறைக்கப்பட்டவன் தொழிலாளி. இவ்விரண்டும் ஒன்றல்ல.

காலமும் காத்திருக்கவில்லை. நம் பிள்ளைகள் படித்துப் பட்டணம் சென்றுவிட்டனர், செல்வதே முறை. தோட்டங்களில் இன்று வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரின் கைகள் மிகுதி. கத்தரியும் இயந்திரமும் விரலின் இடத்தைப் பிடித்தன. கான் வெட்டிய தலைமுறை ஒவ்வொருவராக மறைந்து வருகிறது. அவர்களோடு அவர்கள் அறிந்த மண்ணறிவும் மறைகிறது.

செய்யத் தக்கவை

முதலாவதாக, மலைநாட்டில் சுற்றுச்சூழல் விருது வீட்டை அளவாகக் கொள்ளாமல் நீர்ப்பிடிப்பை அளவாகக் கொள்ளுதல் வேண்டும். எந்தச் சரிவிலிருந்து ஓடை தெளிந்து இறங்குகிறதோ அந்தச் சரிவில் உழைப்போர் அனைவரும் அவ்விருதுக்கு உரியர். தோட்டத் தொழிலாளி ஆயினும், காய்கறி விவசாயி ஆயினும், காட்டின் ஓரத்துச் செமாய்க் குடும்பம் ஆயினும், வெளிநாட்டிலிருந்து வந்த கூலியாள் ஆயினும் வேறுபாடு வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, விருது நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாமல், உழைத்தவர் பெயர்களையும் ஊராட்சியின் ஏட்டில் வரிசையாக எழுதுதல் வேண்டும். விண்ணப்பம் எழுத இயலாதவரைத் தேடிச் சென்று எழுதிக்கொள்வது மன்றத்தின் பொறுப்பாகட்டும்.

மூன்றாவதாக, நம் கையிலேயே உள்ள பணி ஒன்று உண்டு. போ, சுங்கை பாலாஸ், புளூவேலி, ரிங்லெட், தானா ராத்தா எனக் கேமரன் மலையின் தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தோடு பிறந்தவை. தோட்டத்து மனிதனின் பெயர் அரசாங்க ஏட்டில் பிள்ளையின் தந்தை என்றேனும் ஏறிய இடம் அப்பள்ளிகளே. பாட்டன்மாரும் பாட்டிமாரும் அறிந்த மண்காப்பு முறைகளை, அவர்கள் வழங்கிய சொற்களோடு, மாணவர் கேட்டு எழுதித் தொகுப்பாராயின், அத்தொகுப்பே பள்ளிக்குரிய விருதுப் போட்டிக்கும் தக்க படைப்பாகும். எழுத்தாளர் சங்கங்கள் அதற்குத் துணை நிற்றல் கடன்.

நான்காவதாக, விருது வீட்டுக்கு ஈடாகாது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். சொந்த வீடும், முறையான ஊதியமும், ஊராட்சியிற் பேசும் உரிமையும் கொடாமல் சான்றிதழ் மட்டும் கொடுப்பது ஏமாற்றாகிவிடும். ஆதி நாகப்பன் ஆணையம் 1968இல் பரிந்துரைத்த தேர்தல் இன்றும் நடைபெறவில்லை. தன்னை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஊரே தன் நன்றிக்குரியவரையும் சரியாகத் தேர்ந்தெடுக்கும்.

உத்தரமேரூரில் ஏரி வாரியத்தார் அமைந்த முறையைக் கல்வெட்டு இன்றும் காத்து வைத்துள்ளது. அந்த ஏரியில் மண் சுமந்தவர் பெயரை அறிய நமக்கு எவ்வழியும் இல்லை, காலம் கடந்துவிட்டது. கேமரன் மலையில் அப்படியன்று. கான் வெட்டியவர்களில் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். பெயர் கேட்டால் சொல்வார்கள். அவற்றை எழுதிக்கொள்ளும் பணியை இனியும் தள்ளிப்போடுதல் தகாது.